தாமிரபரணியைத் தவணையில் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்றோடு கீழே நடந்து, புன்னைக்காயலில் கடலைப் பார்ப்பதுதான் திட்டம். ஒரே மூச்சில் இல்லை. லீவு கிடைக்கிற நாளில் ஒரு துண்டு, அடுத்த மாதம் இன்னொரு துண்டு. நடக்கப் போகிறவர்கள் கேட்பதையும், நடக்கிறவர்களை வழியில் பார்த்து மற்றவர்கள் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தவணையில் நடப்பது என்றால் என்ன?

வீட்டுச் சாமானைத் தவணையில் வாங்குகிற மாதிரிதான். முழுத் தூரத்தையும் ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகிற அப்பலாச்சியன் பாதையை இப்படி வருஷக்கணக்கில் துண்டு போட்டு நடப்பவர்கள் ஏராளம். விதி ஒன்றே ஒன்றுதான்: போன தடவை எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது.

நம்ம ஊருக்கு நீண்ட நடை புதுசு இல்லை. தைப்பூசம், மாசித் திருவிழா சமயத்தில் திருச்செந்தூர் ரோட்டில் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக எத்தனை பேர் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதயாத்திரைக்காரர் தார் ரோட்டில், கூட்டமாக, ஒரு தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இங்கே தேதி கிடையாது, கூட்டம் கிடையாது, தார் ரோடும் முடிந்தவரை கிடையாது.

அப்படி ஒரு பாதை நிஜமாகவே இருக்கிறதா? போர்டு, அம்புக்குறி?

எதுவும் இல்லை. யாரும் அமைத்துக் கொடுத்த பாதை அல்ல இது. ஆறு இருக்கிறது, ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய்களின் கரை இருக்கிறது, ஊருக்கு ஊர் படித்துறை இருக்கிறது, படித்துறையிலிருந்து ஊருக்குள் போகிற தெரு இருக்கிறது. இவற்றைக் கோத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பல இடங்களில் கரையோரம் நடக்கவே முடியாது. சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது தோட்டத்து வேலி தண்ணீர் வரைக்கும் வந்திருக்கும். அங்கே ஊர்ப்பாதைக்கு ஏறி, அடுத்த படித்துறையில் மறுபடி இறங்கலாம்.

ரோட்டில் நடந்த இரண்டு கிலோமீட்டர் கணக்கில் சேருமா என்று கேட்பவர்கள் உண்டு. சேரும். ஆட்டோவில் போனது சேராது.

பொதிகை மலை உச்சியிலிருந்தே தொடங்கினால் என்ன?

ஆசை நியாயமானது. ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் என்று சொல்கிறோமே, அதில் தலைப்பகுதி மலைக்குள் இருக்கிறது. அகத்தியமலை 1,800 மீட்டருக்கும் மேல் உயரம். அந்தச் சரிவில்தான் ஆறு பிறக்கிறது. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே ஓரடி வைத்தாலும் குற்றம். அகத்தியமலைக்கு ஏறுகிற பாதை கேரளப் பக்கம், போனக்காட்டிலிருந்து, அந்த வனத்துறை அனுமதிக்கிற சில வாரங்களில் மட்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கொஞ்ச தூரம் மேலே போகலாம். அது வேறு கணக்கு. 2024இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் காரையாறு பக்கமும் பாதை வைத்திருக்கிறார்கள்; ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும்.

என் அபிப்பிராயம்: மலையை விட்டுவிடுங்கள். பாபநாசம் கோயில் படித்துறையிலிருந்து கடல் வரை 100 கிலோமீட்டரை ஒட்டி வரும். அது போதும். தலைப்பகுதி யானைக்கும் சிங்கவால் குரங்குக்கும் இருக்கட்டும். “முழு ஆற்றையும் நடந்தேன்” என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று வருத்தப்படுகிறவர்கள் “பாபநாசம் முதல்” என்று இரண்டு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை துண்டு? எங்கெங்கே வெட்டுவது?

ஒரு துண்டு 10 முதல் 15 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் நல்லது. வரைபடத்தில் இது சின்னதாகத் தெரியும். ஆற்றங்கரையில் வளைந்து, ஏறி, இறங்கி, ஒருவரிடம் வழி கேட்டு, அவர் நிறுத்திவைத்துப் பேசி, இன்னொரு படித்துறையில் காலை நனைத்து உட்கார்ந்து போகையில் 15 கிலோமீட்டர் தாராளமாக ஒரு பொழுதைத் தின்றுவிடும்.

துண்டின் இரண்டு முனையும் பஸ்ஸோ ரயிலோ நிற்கிற ஊராக இருக்க வேண்டும். தூரத்தை அளந்து வெட்டாதீர்கள், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வெட்டுங்கள்.

பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் முதல் துண்டு. கோயிலுக்கு முன்னால் படித்துறையில் பொரி போட்டால் மீன் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதில் அரைமணி நேரம் போகும், போகட்டும். பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப் போகிற வேட்டி சேலை காலில் சுற்றும், அங்கே தண்ணீருக்குள் நடக்க வேண்டாம். விக்கிரமசிங்கபுரம் பழைய பஞ்சாலை ஊர், அதைத் தாண்டினால் வயல்.

அம்பை வடகரை, கல்லிடைக்குறிச்சி தென்கரை. பாலத்தைத் தாண்டிக் கல்லிடையில் அப்பளத் தெருப் பக்கம் போகாமல் இருக்காதீர்கள். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் பாய் விரித்து அப்பளம் காயப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்து விளிம்பு லேசாகத் தூக்க ஆரம்பித்ததும் சட்டென்று எடுத்துவிட வேண்டும். கூடக் காய்ந்தால் கட்டும்போதே உடைந்துவிடும். அதற்காக ஒரு அம்மா நிழலில் உட்கார்ந்து அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் பேசுவார், கண்ணை மட்டும் எடுக்க மாட்டார்.

அடுத்தது திருப்புடைமருதூர். இதற்காக மெனக்கெட்டு ஒரு தனித் துண்டு ஒதுக்கச் சொல்வேன். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மாடிமாடியாக மரச் சிற்பமும் சுவர் ஓவியமும் இருக்கின்றன. மேலே ஏறிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். வெளியே மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தாங்களே காப்பாற்றி வைத்த பறவைகள் அவை. 2005இல் அரசு இந்த இடத்தைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவித்தது. மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது, காரணம் மேலே பார்த்தால் புரியும்.

பிறகு வீரவநல்லூர் வழியாகச் சேரன்மகாதேவி. பக்கத்தில் பத்தமடை. பத்தமடைப் பாய்க்கான கோரை இந்த ஆற்றங்கரையில் வளர்ந்ததுதான். சேரன்மகாதேவியிலிருந்து சுத்தமல்லி, சுத்தமல்லியிலிருந்து குறுக்குத்துறை வழியாக வண்ணார்பேட்டை, அங்கிருந்து சீவலப்பேரி. குற்றாலத்தில் விழுந்த தண்ணீர் சிற்றாறாக ஓடி வந்து தாமிரபரணியில் கலப்பது சீவலப்பேரியில்தான். அதற்குக் கீழே முறப்பநாடு, மருதூர் அணைக்கட்டு, ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம். அப்புறம் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல் பக்கம், ஆத்தூர், கடைசியில் புன்னைக்காயல்.

எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேல் வரும். மாதம் ஒன்று என்று வைத்தால், மழை மாதங்கள் போக, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவசரப்படுகிறவர்கள் பொங்கல் லீவில் மூன்று துண்டை அடுத்தடுத்து முடிப்பதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. மூன்றாம் நாள் எல்லா வாழைத்தோட்டமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

வரிசையாகத்தான் நடக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் மேலிருந்து கீழே நடந்தால் ஆறு பெருகுவது காலுக்குத் தெரியும்: மணிமுத்தாறு வந்து சேர்ந்தது, கடனா சேர்ந்தது, பச்சையாறு சேர்ந்தது, சிற்றாறு சேர்ந்தது. அதே சமயம் ஒவ்வொரு அணைக்கட்டிலும் தண்ணீர் பிரிந்து போவதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் இந்த நடையே.

வரிசையைக் கலைக்க ஒரே நல்ல காரணம் பருவம். வெயில் காலத்தில் நிழல் உள்ள மேல் துண்டுகளை நடந்துவிட்டு, கடலோரத் துண்டை மார்கழி கழிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கரையில் நடப்பது?

ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். தேவையில்லை. அம்பை வரை வடகரை; கல்லிடையிலிருந்து சேரன்மகாதேவி வரை தென்கரை; திருநெல்வேலிக்கு அப்புறம் ஆதிச்சநல்லூரைப் பார்க்க வேண்டுமென்றால் தென்கரை. ஸ்ரீவைகுண்டத்தில் ஊர் வடகரையிலும் ரயில் நிலையம் தென்கரையிலும் இருக்கிறது. தெரியாமல் போனால் ரயிலை விட நேரும். ஏரல் வடகரை, ஆழ்வார்திருநகரியும் தென்திருப்பேரையும் தென்கரை. கரை மாறுவது பாலத்தில் மட்டும். “முழங்கால் தண்ணிதான், இறங்கிப் போயிரலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மணல் அள்ளிய பழைய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது. ஒரு அடி முழங்கால் ஆழம், அடுத்த அடி தலைக்கு மேல்.

கால்வாய்க் கரையில் நடக்கலாமா?

நடக்கலாம். நடப்பதற்கு இந்தப் பக்கத்தில் அதைவிடச் சுகமான இடம் கிடையாது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழையவை, ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷ்காரர் காலத்தில் கட்டியது. பெயர்களை வரிசையாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு விவசாயியிடம் சரியாகச் சொன்னால் அப்புறம் உங்களை அந்நியராக நினைக்க மாட்டார்.

அணைக்கட்டு என்றதும் காரையாறு அணை மாதிரி உயரமான சுவரை நினைக்க வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாகப் போட்ட கல் தடுப்பு; தண்ணீர் அதன் மேலேறி வழிந்து கீழே போகும், வழியாத தண்ணீர் ஓரத்தில் இருக்கிற மதகு வழியாகக் கால்வாய்க்குள் திரும்பும். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் எல்லாம் இப்படிப் பிரிந்தவை. ஆறு பள்ளத்தைத் தேடி ஓடும்; கால்வாயை மேட்டைப் பிடித்து, கொஞ்சங்கூட உயரத்தை வீணாக்காமல் வெட்டியிருப்பார்கள். அதனால் கரையில் நின்றால் ஒரு பக்கம் வறண்ட மேடு, மறு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. ஒரு ஜீப் போகிற அகலத்துக்குக் கரை இருக்கும், நடுநடுவே மடை. மடைத் துளையில் வைக்கோலும் பழைய சாக்கும் அடைத்து வைத்திருந்தால் தொடக் கூடாது. அது யாரோ ஒருவருடைய தண்ணீர் முறை. அதை நீங்கள் ஆட்டிவிட்டால் ஊரில் சண்டை வரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆறு ஒரு பக்கம், கால்வாய் இன்னொரு பக்கம் என்று இரண்டும் விலகிக்கொண்டே போகும். கால்வாயை நம்பிப் போய்விட்டு மாலையில் ஆற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்பது சகஜம். கால்வாய் நடையைத் தனிக் கணக்காக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நிற்கும், காற்றில் ஈரம் இருக்கும், ஆற்றில் தண்ணீர் தெளிந்திருக்கும். அடுத்த நல்ல காலம் ஆனி, ஆடி: மேற்கே சாரல், இங்கே காற்று. அம்பை பக்கம் வெயிலே உறைக்காது. சேரன்மகாதேவிக்குக் கீழே வந்ததும் காற்று மட்டும் மிஞ்சும், புழுதியோடு. சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்குள் முடிக்க முடிந்தால் நடங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஆற்றங்கரைக்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஆறு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வாங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏரல் பாலம் உடைந்தது. கீழ்த் துண்டுகளில் நடக்கும்போது வீட்டுச் சுவர்களைப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மழை இல்லாத நாளிலும், அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு நடையைத் தள்ளிப்போடுங்கள்.

போகவர வண்டி?

இந்த ஆற்றைத் துண்டு போட்டு நடக்க வசதியே அதுதான். மேல் பாதிக்கு திருநெல்வேலி–தென்காசி ரயில்: சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் நிலையம். கீழ்ப் பாதிக்குத் திருச்செந்தூர் ரயில்: பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இரண்டு ரயில் தடம் இருப்பது கொடுப்பினை. பாபநாசத்துக்கு வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பை வழியாக பஸ் அடிக்கடி உண்டு.

காரையோ பைக்கையோ தொடங்குகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். நடந்து முடித்த பிறகு அதை எடுக்கத் திரும்பி வர வேண்டும், நடந்த சுகம் பாதி போய்விடும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முடிகிற ஊரில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறித் தொடங்குகிற இடத்துக்குப் போங்கள். வண்டியை நோக்கி நடக்கும்போது பஸ் நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை.

ஆற்றில் குளிக்கலாமா? தண்ணீரைக் குடிக்கலாமா?

குளிக்கலாம், ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில். ஆளில்லாத துறையில் வேண்டாம். ஆளில்லாததற்கு ஒரு காரணம் இருக்கும். பெண்கள் துறை, ஆண்கள் துறை என்று சில ஊர்களில் தனித்தனியே உண்டு, கேட்டுவிட்டு இறங்குங்கள். திருநெல்வேலியைத் தாண்டிய உடனே இருக்கிற துறைகளில் நான் குளிப்பதில்லை. மாநகரத்துச் சாக்கடை எங்கெங்கே ஆற்றில் விழுகிறது என்பதை நடந்து போகிறவர் மூக்காலேயே கண்டுபிடிக்கலாம்.

குடிக்க வேண்டாம். ‘தாமிரபரணித் தண்ணி, அல்வாவுக்கே அதுதான்’ என்பார்கள். அல்வாவில் அது கொதிக்கிறது.

நகரத்துத் துண்டை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஆறு அழகாக இருக்கிற இடத்தை மட்டும் பொறுக்கி நடப்பது ஆற்றை நடப்பது ஆகாது. தவிர, பார்க்க வேண்டியதும் அங்கே அதிகம். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார், வடிந்த பிறகு மண்ணை வாரிவிட்டுப் பூஜை தொடரும். கட்டும்போதே வெள்ளத்தோடு சண்டை போடாமல் வழி விடுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே சுலோச்சனா முதலியார் பாலம், 1843. சொந்தக் காசைப் போட்டு ஒருவர் ஆற்றுக்குப் பாலம் கட்டினார். இன்றைக்கும் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே பஸ் அதில் ஓடுகிறது. பக்கத்தில் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தபோது, ஆற்றில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் செத்துப்போனது இந்தக் கரையில்தான். அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை செய்த மலை நீங்கள் முதல் துண்டில் பார்த்த மலைத்தொடரில் இருக்கிறது.

நவகைலாயம், நவதிருப்பதி எல்லாம் வழியில்தானே? கோயிலுக்குப் போக வேண்டுமா?

பக்தி இல்லாதவருக்கும் நவகைலாயம் நல்ல மைல்கல். அகத்தியரின் சீடர் உரோமசர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகள் ஒதுங்கிய இடமெல்லாம் கோயில் என்பது கதை. பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம்: இதே வரிசையில் பூ மிதந்து வந்தது, நீங்களும் அதே வரிசையில் வருகிறீர்கள். காரில் ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடுகிறவர்களுக்கு இது ஆற்றின் கதை என்பதே தெரிய வாய்ப்பில்லை. முறப்பநாட்டில் ஆறு தெற்கே திரும்புவதும் நடந்தால்தான் தெரியும், வெயில் கன்னத்தை மாற்றிக்கொள்ளும்.

நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள் ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி இரண்டு கரையிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் நடையோடு சேர்க்க முயன்றால் துண்டு சிக்கலாகிவிடும். ஆழ்வார்திருநகரியில் மட்டும் நின்று நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நடை சாத்துகிற நேரத்தை மறக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.

ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி கிடைத்த பறம்பு ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோண்டிய குழிகளைத் தாழியோடு அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். விளையாத மேட்டில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு, விளைகிற தாழ்நிலத்தை இருந்தவர்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பறம்பில் நின்று ஆற்றுப் பக்கம் திரும்பினால் விளங்கும்.

தோட்டத்துக்காரர் திட்டினால்?

முதலில், திட்டுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதுசாக வெட்டிச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்கக் கூடாது. நடவுக்கு முன்னால் மண்வெட்டியால் ஓரத்தைச் செதுக்கி, வயல் சேற்றை அள்ளி அப்பி, வழவழவென்று இழைத்து வைத்திருப்பார்கள். உங்கள் ஒரு கால் தடத்தில் தண்ணீர் கசிந்து நாளைக்கு உடைப்பு எடுக்கும். காய்ந்து புல் முளைத்த வரப்பில் போகலாம். வாழைக்குள் போகவேண்டி வந்தால் குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையடிவாரத்துத் தோட்டங்களில் பன்றிக்காகக் கம்பி கட்டியிருப்பார்கள், சிலர் மின்சாரமும் கொடுத்திருப்பார்கள். அது சட்ட விரோதம், இருந்தாலும் செய்கிறார்கள். எந்தக் கம்பியையும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள்.

“எங்க போறீக?” என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்பார்கள். “சும்மா நடக்கோம் அண்ணாச்சி, புன்னைக்காயல் வரைக்கும்” என்று சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நிற்கும். “நேர்ச்சையா?” இல்லை. “சர்வேயா?” இல்லை. “பெறவு எதுக்கு?” இதற்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எடுக்க வந்தவர் என்ற சந்தேகம் வந்துவிட்டால் வழி சொல்ல மாட்டார்கள், ஆகவே கையில் நோட்டும் பேனாவுமாக வயலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆற்று மணலைப் படம் எடுக்கவும் வேண்டாம். மணல் விஷயத்தில் இந்தக் கரையில் எல்லோருக்கும் கூச்சம் உண்டு.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

தனியாக என்றால் ஆணுக்கும் வேண்டாம் என்பேன். வழுக்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து நடப்பது நடக்கக்கூடியதுதான். காலை நேரத்தில் படித்துறைகளில் இருப்பது பெரும்பாலும் துணி துவைக்கிற, குளிக்கிற பெண்கள். வழி கேட்க, உட்கார, அவர்களைவிட நல்ல துணை இல்லை. ஆளரவமற்ற வேலங்காட்டுப் பக்கமும், பாட்டில் சிதறிக் கிடக்கிற மண்டபங்களும் வந்தால் ஊர்ப்பாதைக்கு ஏறிவிடுங்கள். திரும்பிவர 2021இலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கழிப்பறைதான் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பெரிய கோயில் இவற்றை மனதில் வைத்துத் துண்டை வெட்டுங்கள்.

செருப்பா, ஷூவா? வேறு என்ன வேண்டும்?

சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். கனமான அடி உள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது வேண்டாம். துவட்ட ஒரு துண்டு, ஒரு குடை, இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறை. கூடாரம் தேவையே இல்லை. எங்கிருந்தும் ஒரு மணி நேரத்தில் ஒரு லாட்ஜுக்கோ உங்கள் சித்தி வீட்டுக்கோ போய்விடலாம். போனில் செயற்கைக்கோள் படத்தை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு?

கவலையே படாதீர்கள்.

பாம்பு?

இருக்கிறது. விடியற்காலை இருட்டில் தொடங்காமல் நன்றாக வெளுத்த பிறகு தொடங்குங்கள், வாழைச் சருகுக்குள் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி ஆற்றின் நடுத்துண்டுகளுக்குப் பக்கம். பாம்பைவிட நாய்த் தொல்லை அதிகம். குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தாலே பெரும்பாலானவை நின்றுவிடும்.

கடைசித் துண்டு எப்படி இருக்கும்?

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைத் தாண்டியதும் பச்சை குறைந்து, நிலம் தட்டையாகி, உப்பளம் தெரிய ஆரம்பிக்கும். நிழல் சுத்தமாகக் கிடையாது. ஆறு பல கையாகப் பிரிந்து மெதுவாகிவிடும், தண்ணீர் உவர்க்கும். ஒரு காலத்தில் பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவே இருக்கிறது. இந்த ஆறு அள்ளிக்கொண்டு வந்த மண்தான் கடலைத் தள்ளிவிட்டது. நேரம் இருந்தால் ஏரலிலிருந்து ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்க்கலாம்.

புன்னைக்காயல் மீனவர் ஊர். முகத்துவாரத்துக்கு நேரே போய் நிற்க வேண்டுமென்றால் ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள். வலை காய்கிற இடத்தில் மிதிக்காதீர்கள், கழிமுகத்தில் நீந்தாதீர்கள். காலையில் ஆத்தூரிலிருந்து தொடங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். திரும்ப, ஊரிலிருந்து ஆத்தூருக்கு பஸ் பிடித்து, அங்கே திருச்செந்தூர் போகிறதோ தூத்துக்குடி போகிறதோ, முதலில் வருவதில் ஏறிக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் போனால் நெல்லைக்கு ரயிலும் உண்டு. புன்னைக்காயல் பஸ் நேரத்தை மட்டும் போகும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.